அடியில் ஒரு பொட்டு நீலம்

இப்போதெல்லாம் நகைக்கடைக்குள் போனால் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை வரிசையாகக் கல் வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெட்டு, ஒரே மினுமினுப்பு. பள்ளிக்கூட மைதானத்தில் சீருடையோடு நிறுத்தின பிள்ளைகள் மாதிரி. விற்கிற பெண் லென்ஸை நீட்டி, "பாருங்கம்மா, உள்ள ஒரு புள்ளிகூட இல்ல" என்கிறாள். நான் லென்ஸை வாங்காமல் நகர்ந்துவிடுகிறேன். புள்ளி இல்லாத கல் ஒன்று எங்கள் வீட்டுக்கும் ஒரு தடவை வந்தது. அது வந்த காலத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்குப் பழைய கல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. உங்கள் அம்மாவின் காதில் கிடந்த தோட்டை நினைத்துப் பாருங்கள். ஏழு கல் தோட்டில் ஏழும் ஏழு விதமாக இருக்கும். ஒன்று கொஞ்சம் கோணல், ஒன்று வயிறு பெருத்தது, ஒன்றின் ஓரம் தேய்ந்து மழுங்கியது. ஒரு மனிதன் கையால் வில் இழுத்துச் சாணையைச் சுற்றி, கண்மதிப்பில் பட்டை தீட்டியவை அவை. புதுக்கல் வெளிச்சம் பட்டதும் பளீரென்று கண்ணில் அடிக்கும். பழைய கல் வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து, பைய விடும். எண்பதைத் தாண்டிய பிறகும் எனக்கு அதில் ஒரு பைத்தியம் உண்டு. "எங்க போனாலும் கோணக் கல்லாப் பொறுக்கிட்டு வர்றீங்க" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைத்தவள் என் மதினி. அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். இரண்டாவது உலகச் சண்டைக் காலம். அரிசிக்கு அளவு, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அப்பா கடற்கரைப் பக்கம் கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை. பெரிய கப்பல்கள் கரைக்கு வராத காலம் அது. தூரத்து ஆழத்தில் நிற்கும் கப்பலுக்குத் தோணிகள் மூட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும். தோணியில் ஏறுகிற மூட்டைகளை அண்ணன்தான் நின்று பார்த்து அனுப்புவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவன் சட்டையில் தார்க்கயிறு வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து அடிக்கும். அந்தச் சட்டையைத் தோய்க்கப் போடும் முன்னால் மதினி ஒரு தடவை முகர்ந்து பார்ப்பதை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்தது தெரிந்ததும் அதே சட்டையால் என் தலையில் ஒன்று போட்டாள்.

மதினி ஆத்தூர்க்காரி. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். அவளுடைய அப்பா மட்டும் இளவயதிலேயே இலங்கைக்குப் போய், மாணிக்கக்கல்லுக்குக் குழி தோண்டுகிற மலைப்பக்கத்தில் பலசரக்குக் கடை போட்டிருந்தார். கொழும்பில் குண்டு விழுந்ததும் கடையை அப்படியே விட்டுவிட்டு, உடுத்த வேட்டியும் விரலில் ஒரு மோதிரமுமாக ஊர் வந்து சேர்ந்தவர். வந்த கொஞ்ச நாளில் போய்விட்டார். அந்த மோதிரம் மதினிக்கு வந்தது. அவள் விரலுக்கு அது பெரிசு. உள்பக்கம் நூலைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

மோதிரத்தில் ஒரே ஒரு நீலக்கல். அடிப்பக்கத்தைத் தங்கத்தால் மூடிக் கட்டின பழைய மோஸ்தர். மதியம் அம்மா கண்ணயர்ந்ததும், பின்கட்டில் கிணற்றடிக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்காருவோம். மதினி மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பாள். விரல் சூடு அதில் இருக்கும். "கண்ணுகிட்ட கொண்டுபோயிப் பாரு பாப்பா. அவசரப்படாத" என்பாள். முதலில் வெறும் நீலம்தான் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளே மெல்லிசாகச் சாய்ந்த கோடுகள் தெரியும். "மழை பெய்யுதுல்லா?" என்பாள். பெய்தது. பட்டைகளில் ஒன்று அகலம், ஒன்று குறுகல். ஒரு மூலையில் வெட்டினவன் கை வழுக்கின மாதிரி ஒரு சின்னக் கோணல். எனக்கு அந்தக் கோணல்தான் ரொம்பப் பிடிக்கும். மோதிரத்தை லேசாக அசைத்தால் நீலம் மற்ற பட்டைகளில் ஓடி, அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் நின்று போகும்.

"இத வெட்டுனவர் யாரு மதினி?"

"யாருக்குத் தெரியும்? எங்கப்பாவுக்குக் குடுத்தவங்களுக்கே தெரியாது. அவங்க பாட்டன் காலத்துக் கல்லாம். வெட்டுறதுக்கு முன்னால பல நாளு கல்லத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே இருப்பாங்களாம். நீலம் உள்ள எங்கன ஒளிஞ்சி கெடக்குன்னு தேடுறது. அதுக்குப் பொறவுதான் சாணையில வைப்பாங்களாம்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தக் கல்லுக்குள் யாரோ ஒருவர் இன்னும் உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு. குழந்தைப் புத்தி.

எங்கள் பக்கத்தில் நீலத்தை எல்லோரும் போட்டுவிட மாட்டார்கள். சனிக்குரிய கல். ஒத்துக்கொண்டால் ஆளைத் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் குடும்பத்தையே கவிழ்த்துவிடும் என்று பயம். அதனால் வாங்கினதும் போட மாட்டார்கள். சில நாள் தலையணைக்கு அடியில் வைத்தோ கையில் கட்டியோ படுத்து, என்ன கனவு வருகிறது என்று பார்ப்பார்கள். நல்ல கனவு வந்தால் கல் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். அம்மாவுக்கு மருமகளின் மோதிரத்தைப் பற்றி இரண்டு மனது. வந்தவர்களிடம் "எங்க மருமவ போட்டிருக்கது சிலோன் நீலமாக்கும்" என்று காட்டிப் பெருமைப்படுவாள். அவர்கள் போனதும், "ஏளா, அதக் கழத்திப் பெட்டியில வையேன், என்னத்துக்கு வம்பு" என்பாள்.

அந்த வருஷம் மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று ரொம்பக் கடுமை. உப்பளத்திலிருந்து வருகிற காற்றுக்கு உதடு வெடிக்கும். சோற்றில் மணல் நறநறக்கும். கிணறு உப்பாகிப்போய், தெருக்குழாயில் எப்போதாவது ஒழுகுகிற தண்ணீருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு பெண்கள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஒருநாள் அண்ணன் தோணித்துறையிலிருந்து பாதி வேலையில் வந்து படுத்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்து டைபாய்டு என்றார். அதற்கு மருந்து வந்தது பின்னாளில். அன்றைக்கு ஒரே வைத்தியம்தான்: காய்ச்சல் தன் காலம் முடிந்து இறங்குகிற வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பது. கொதித்து ஆறின தண்ணீர், பார்லிக் கஞ்சியின் தெளிவு, மோர்த் தண்ணீர். வேறு எதுவும் கூடாது. டாக்டர் வாசலில் நின்று, விரலை ஆட்டிச் சொன்னார்: "சோறு ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது. குடல் இப்போது ஈரக் காகிதம் மாதிரி இருக்கிறது. காய்ச்சல் விட்ட பிறகும் நான் சொல்கிற வரைக்கும் கொடுக்கக் கூடாது."

எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் நின்றோம். ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டவள் மதினி மட்டும்தான். அண்ணனுடைய கட்டிலை விட்டு அவள் நகரவே இல்லை. அவனுக்கு நினைவு தெளிகிறபோதெல்லாம் பசி. "ஒரு வாய் சோறுளா" என்று கெஞ்சுவான். மதினி கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றி, "குடிங்க. காய்ச்சல் விடட்டும், மீன் கொழம்பும் சோறுமா நானே போடுதேன். நான் சொல்லுத அன்னைக்கித்தான் சோறு" என்பாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிறகு குடிப்பான்.

பெற்றவளுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அம்மா அடுக்களையில் நின்று பொருமுவாள். "பட்டினி போட்டே எம்பிள்ளையக் கொன்னுருவா போலிருக்கே. எலும்பும் தோலுமாக் கெடக்கான். அவ மட்டும் கரண்டியும் கையுமா உக்காந்திருக்கா." ஒரு தடவை அம்மா இட்லியைப் பிட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மதினி எழுந்து வந்து, மாமியாரின் கையைப் பிடித்து, இட்லியை வாங்கி வெளியே எறிந்தாள். அவள் அப்படிச் செய்வாள் என்று யாரும் நினைக்கவில்லை. அம்மாவின் முகம் கறுத்துப்போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

காய்ச்சல் இறங்குகிற வழியாக இல்லை. அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடினாள். ஏழரைச் சனி உச்சத்தில் இருக்கிறது, நல்ல நீலம் உடம்பில் பட்டால் கண்டம் விலகும் என்றார் அவர். பொய்க்கல் மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது, அது சனியைக் கிளறிவிட்டதுபோல ஆகும் என்றும் சொல்லி அனுப்பினார். அம்மா வீட்டுக்குள் வந்ததும் முதலில் பார்த்தது மதினியின் விரலைத்தான். நீலம் வீட்டிலேயே இருக்கிறது. அடிப்பக்கம் மூடியிருப்பதால் கல் தோலில் படாது. பிரித்து, அடி திறந்து கட்டினால் போதும். மதினி உடனே கழற்றிக் கொடுத்தாள். அவள் கை மெலிந்திருந்ததால் நூல் சுற்றியும் மோதிரம் தானாகவே நழுவி வந்தது.

நகை வேலை செய்கிற பத்தரை அப்பா வீட்டுக்கே வரச் சொன்னார். முன்கூடத்தில் உட்கார்ந்து அவர் தங்கத்தை நெம்பி, கல்லை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் இடுக்கியால் பிடித்தார். பிடித்தவர் அதைப் பக்கவாட்டில் திருப்பினார், மறுபடி திருப்பினார்.

"என்ன பத்தரே?" என்றார் அப்பா.

"அண்ணாச்சி, இது நீலம் இல்லியே. சுத்த வெள்ளையால்லா இருக்கு. இந்தா, அடியில மட்டும் ஒரு பொட்டு நீலம் நிக்கி."

கல் கை மாறியது. நானும் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். பக்கவாட்டில் பார்த்தால் அது தண்ணீர் மாதிரி இருந்தது. கூர்ந்த அடிப்பாகத்தில் மட்டும், வேட்டிக்குப் போடுகிற நீலத்தைத் தொட்டு வைத்தாற்போல ஒரு துளி. பத்தர் புளியைத் தேய்த்துப் பார்த்தார், துணியால் துடைத்துப் பார்த்தார். அது போகவில்லை. "உள்ளுக்குள்ளயே வச்சி ஒட்டியிருக்கானுவோ போல. நான் தங்கம் பாக்கவன், இந்த வித்தையெல்லாம் எனக்குத் தெரியாது" என்று கையைத் தட்டிவிட்டார்.

மதினி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அது அப்படித்தான் மாமா இருக்கும். கல்லு முழுக்க நீலம் இருக்காது. நீலம் இருக்க எடம் அடியில வார மாதிரி வெட்டுவாங்க. மேல இருந்து பாத்தா அந்த ஒரு பொட்டே கல்லு முழுக்க நெறைஞ்சிரும். எங்கப்பா சொல்லிருக்காவ. இங்கன பாருங்க." கல்லை இரண்டு விரலுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்தாள். முழு நீலம், நான் கிணற்றடியில் பார்த்த அதே நீலம். லேசாகச் சாய்த்தாள். வெள்ளை. மறுபடி நிமிர்த்தினாள். நீலம்.

அவள் அதைச் செய்திருக்கவே கூடாது. அவளுக்கு அது சாட்சி. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கண்கட்டு வித்தை.

"பாத்தியளா, பாத்தியளா! நேராப் பாத்தா ஒண்ணு, சாச்சுப் பாத்தா ஒண்ணு!" என்று அம்மா கத்தினாள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவுக்கு முத்துப் பார்க்கத் தெரியும் என்று ஊரில் பெயர். கடலில் ஆள் இறக்கி முத்துக் குளிக்கிற சிலாபம் நடந்த காலத்தில் கடற்கரையில் பந்தல் போட்டுச் சிப்பி ஏலம் எடுத்தவர். கல்யாண வீட்டுக்காரர்கள் முத்துமாலையை அவர் கண்ணில் காட்டாமல் வாங்க மாட்டார்கள். கறுப்புத் துணியை விரித்து, முத்தை அதன்மேல் உருட்டிவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே நிறம், ஒரே ஒளி இருந்தால் தலையை ஆட்டுவார். ஒரு பக்கம் வெளிறியிருந்தால் விரலால் சுண்டித் தள்ளிவிடுவார். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு நியாயம்தான். எங்கள் ஊருக்கே அதுதான் தெரியும். அன்றைக்கும் கறுப்புத் துணியைக் கொண்டுவரச் சொன்னார். மதினியின் கல்லை அதில் வைத்து விரலால் உருட்டினார். நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம். விரலால் சுண்டித் தள்ளினார்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். முத்தைக் கடல் முழுசாகச் செய்து கொடுத்துவிடுகிறது. கல்லை அப்படிக் கொடுப்பதில்லை; இருக்கிற கொஞ்ச நிறத்தை எங்கே வைப்பது என்று ஒரு மனிதன் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனையைத்தான் என் அப்பா பித்தலாட்டம் என்று தீர்மானித்தார்.

பிறகு நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. "கள்ளக் கல்லப் போட்ட கையாலதான் மூணு வேளையும் அவனுக்கு ஊத்துதா. அப்பொறம் காய்ச்சல் எங்கன எறங்கும்?" என்றாள் அம்மா. காய்ச்சல் விடுகிற வரை மதினி ஆத்தூரில் இருக்கட்டும் என்று முடிவானது. வண்டி வந்து வாசலில் நின்றது. மதினி அம்மாவின் காலைப் பிடித்தாள்.

"கல்லக் கடல்ல போட்டிருங்க அத்த. என்னைய வாசப்படியில வேணும்னாலும் படுக்க வைங்க. அவிய கண்ணு முழிச்சா என்னையத் தேடுவாவ."

அம்மா காலை இழுத்துக்கொண்டாள். கல்லைத் தாளில் மடித்து, மதினியின் முந்தானையில் தானே முடிந்துவிட்டாள். அது வீட்டில் இருக்கக் கூடாதல்லவா. வண்டியில் ஏறும்போது மதினி அப்பாவைப் பார்த்து, "மாமா, சோறு மட்டும் குடுத்திராதிய. டாக்டர் சொல்லாம குடுத்திராதிய" என்றாள். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். அந்தக் கல்லை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

புது நீலம் ஒன்றை ஒரு தரகர் கொண்டுவந்தார். முழுக்க முழுக்க நீலம். எந்தப் பக்கம் உருட்டினாலும் நீலம். பட்டைகள் ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்தது போலச் சமமாக இருந்தன. உள்ளே மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. தரகர் ஒரு கிண்ணத்தில் பால் வாங்கி, கல்லை அதில் போட்டார். பாலில் லேசாக நீலம் ஓடின மாதிரி இருந்தது. "பாத்தியளா அண்ணாச்சி, பாலே நெறம் மாறிட்டு. இதாக்கும் சாதி நீலம்" என்றார். அப்பா கறுப்புத் துணியில் உருட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணனின் விரல் வற்றிப்போயிருந்ததால் கல்லை வெள்ளியில் கட்டி, கறுப்புக் கயிற்றில் கோத்து, அவன் கையில் கட்டினார்கள்.

அந்தக் கல்லை அம்மா கடைசி வரை வைத்திருந்தாள். அவள் போன பிறகு பெட்டியிலிருந்து எடுத்து, என்னோடு படித்த காயல்பட்டினத்துத் தோழி ஒருத்தியிடம் காட்டினேன். அவள் வீட்டு ஆண்களுக்குத் தலைமுறையாகக் கல் வியாபாரம். அவளும் அதில் தேறினவள். லென்ஸை வைத்ததும் சிரித்துவிட்டாள். "ஏண்டி, இது சீமையிலே அடுப்பில வார்த்த செயற்கைக் கல்லு. அப்பவே கப்பல் கப்பலா வந்துச்சே." பிறகு தன்னிடமிருந்த பழைய இலங்கைக் கற்களைக் காகிதத்தில் கொட்டி ஒவ்வொன்றாகச் சாய்த்துக் காட்டினாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. எல்லாவற்றின் அடியிலும் ஒரு பொட்டு நீலம். "அந்தக் காலத்துக் கைக்காரன் புத்தி எப்படிப் பாரு" என்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் அழுகை எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. அப்பாவும் அம்மாவும் அதைக் கேட்க இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. பாவம், அவர்கள் எப்படித் தாங்கியிருப்பார்கள்.

அடுப்பில் வார்த்த அந்தக் கல்லைக் கட்டின சில நாளில் அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அது தன் காலம் முடிந்து இறங்கியது; கல் கட்டாவிட்டாலும் இறங்கியிருக்கும். ஆனால் அன்றைக்கு அம்மாவிடம் அதைச் சொல்ல யாரும் இல்லை. வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். காலையில் எழுந்ததும் கட்டிலருகே போய், "ராத்திரி கனவுல என்னல கண்ட?" என்று கேட்பாள். அவன் கண்ணை மூடிக்கொள்வான். ஒரு நாள் சொன்னான்.

"சோறும்மா. வெள்ளச் சோறு. எலை முழுக்கக் குமிச்சு வச்சிருந்து."

பட்டினி கிடப்பவனுக்கு வேறு என்ன கனவு வரும்? அம்மாவுக்கு அது அப்படிப் படவில்லை. முகம் மலர்ந்து அப்பாவிடம் ஓடினாள். "கேட்டியளா? கனவுல வெள்ளச் சோறு கண்டிருக்கான். கல்லு ஒத்துக்கிட்டு. கல்லே சொல்லிட்டு, பிள்ளைக்குச் சோறு குடுன்னு." அப்பா, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று இழுத்தார். "டாக்டரா காய்ச்சல எறக்குனாரு?" என்று அம்மா கேட்டதும் மண்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

கட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கிருந்தோ சேர்த்து வைத்திருந்த நல்ல அரிசியை அம்மா எடுத்தாள். குழைய வடித்து, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்தாள். வெகுநாளைக்குப் பிறகு வீட்டில் நெய் மணந்தது. நான் கட்டிலின் காலடியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு கவளத்தை உருட்டி அண்ணனின் உதட்டருகே கொண்டுபோனாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு ஆசை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"அவ வரட்டும்மா. அவ சொல்லட்டும்."

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம்தான். பிறகு குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு சொன்னாள்: "அவதாம்ல ஆத்தூர்லேர்ந்து ஆள் சொல்லிவிட்டிருக்கா. இனிமே சோறு குடுக்கலாம்னு."

"அவளா சொன்னா?"

"அவதான் சொன்னா."

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மதினி சொல்லிவிட்டாள் என்றால் மதினி வரப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவன் வாயைத் திறந்தான். அம்மா ஊட்டினாள். இன்னொரு கவளம், இன்னொரு கவளம். அம்மா அழுதுகொண்டே ஊட்டினாள். அவ்வளவு அன்பாக ஒரு மனுஷி ஊட்டி நான் பார்த்ததில்லை.

மறுநாள் அவனுக்கு வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. வலியில் போட்ட சத்தத்தைச் சொல்ல எனக்கு வரவில்லை. டாக்டர் ஓடி வந்து வயிற்றைத் தொட்டதும் நிமிர்ந்து, "என்ன கொடுத்தீர்கள்?" என்றார். "ஒண்ணும் குடுக்கல டாக்டர்" என்றாள் அம்மா. டாக்டர் அவளையே பார்த்துவிட்டுப் பையை மூடினார். அடங்கும் வரை அண்ணன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே காற்று மணலை வாரி வாரிக் கதவில் அடித்தது. மதியத்தை அவன் தாண்டவில்லை.

ஆத்தூருக்கு ஆள் போனது. மதினி வந்து சேரும்போது அண்ணனைக் குளிப்பாட்டி, முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். கையில் கட்டிய கயிற்றை அம்மாவே அவிழ்த்து எடுத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் துக்கத்துக்கு வருகிற பெண்ணை, இருக்கிற பெண்கள் எழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழ வேண்டும். எத்தனை வருஷப் பகையாக இருந்தாலும் அந்த நேரத்தில் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். மதினி படியேறி உள்ளே வந்ததும் வட்டத்திலிருந்த பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அம்மா தலைமயிர் அவிழ்ந்து கிடக்க, தள்ளாடி எழுந்து போய் அவள் கழுத்தில் விழுந்தாள். மதினியும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் அப்படிக் கட்டிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மதினியின் இரண்டு கையும் அம்மாவின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தன.

அம்மா ஒப்பாரி சொல்லி அழுதாள். டாக்டரிடம் சொல்லாததை, அப்பாவிடம் சொல்லாததை, அந்த அழுகையில் அவளால் அடக்க முடியவில்லை.

"நா மாட்டேன்னானே எஞ்சாமி… அவ வரட்டும்னானே எஞ்சாமி… ஒம்பேரச் சொல்லில்லா ஊட்டுனேன் தாயி… அவதாம்ல குடுக்கச் சொன்னான்னு பொய் சொல்லி ஊட்டுனேன் தாயி… ஒம்பேரக் கேட்டுல்லா வாயத் தொறந்தான் எம்பிள்ள…"

சுற்றியிருந்த பெண்களுக்கு அது ஒப்பாரி. அவர்களும் குரலைச் சேர்த்துக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டார்கள். மதினி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டாள். அம்மாவின் முதுகிலிருந்த அவளுடைய கைகள் பைய விலகிக் கீழே தொங்கின. மருமகள் மயங்கி விழப் போகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் பிடிக்க வந்தார்கள். அவள் விழவில்லை. அம்மா இன்னும் அவள் கழுத்தைக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தாள். மதினி அம்மாவின் தோளுக்கு மேலாக, முற்றத்தில் கிடந்த அண்ணனைப் பார்த்தாள். பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"நான் சொல்லல. கேக்குதா? நான் அப்படிச் சொல்லவே இல்ல."